அடைமழையில் காட்டு விறகைப் பற்றவைப்பது எப்படி?

கேள்வி இதுதான். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஜூலை கடைசியில் நண்பர்களோடு சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் தங்கியிருக்கிறார். மூன்று நாளாக அடைமழை. ராத்திரி குளிருக்கு வெளியே நெருப்பு மூட்டலாம் என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். இரண்டு தீப்பெட்டி தீர்ந்தது. பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்து ஊற்றியும் பார்த்தார்கள். விறகு பிடிக்கவே இல்லை. "அங்கே வேலை செய்கிறவர்கள் இதே மழையில் தினமும் அடுப்பு எரிக்கிறார்களே, எப்படி? காட்டிலேயே கிடைப்பதை வைத்து மூட்ட முடியுமா? உரசினால் பொறி பறக்கிற உலோகக் குச்சி, ஃபெரோ ராட், அதை வாங்கினால் உதவுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் அன்றைக்கு உங்களைச் சுற்றியேதான் இருந்தது.

நான் பிறந்தது குடகில், சித்தாபுரம் பக்கம் ஒரு காபித் தோட்டத்து லைன் வீட்டில். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தோட்டத்தில்தான் வேலை. ஜூன் பிறந்துவிட்டால் செப்டம்பர் வரை வெயிலைப் பார்க்கிற நாள் குறைவு. துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்த நான்கு மாதமும் அம்மா விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, எங்களுக்கு வெந்நீர் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். எங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டி ஒரு மாதத்துக்கு மேல் வரும். இப்போது நான் அல்சூரில் இருக்கிறேன். இருபது வருஷமாகச் சாரணர் பிள்ளைகளை மழைக்கால முகாம்களுக்குக் கூட்டிப்போகிறேன். அவர்களுக்கு நான் சொல்லித்தருவதில் பெரும்பங்கு அம்மா செய்து நான் பார்த்தது.

மழையில் நெருப்பு மூட்டுகிற வேலையில் முக்கால்வாசி, காய்ந்ததைத் தேடுவதும், தேடியதைக் காய்ந்தபடியே வைத்துக்கொள்வதும்தான். தீக்குச்சிக்கு அதில் கடைசி ஒரு நிமிஷம்தான் வேலை. எங்கள் பிள்ளைகள் ஒரு நல்ல நெருப்புக்கு ஒரு மணி நேரம் சேகரிப்பார்கள், அரை மணி நேரம் பிளந்து சீவுவார்கள், பிறகுதான் தீப்பெட்டி வெளியே வரும்.

பெட்ரோல் ஏன் தோற்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைத் தொட்டே வரும். விறகு அப்படியே எரிவதில்லை. 250, 300 டிகிரி அளவுக்குச் சூடாகும்போது அதற்குள்ளிருந்து வாயு கிளம்புகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவது. விறகில் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கொடுக்கிற வெப்பத்தைத் தண்ணீரே வாங்கிக்கொண்டு ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். அதுவும் கொஞ்ச வெப்பம் இல்லை. 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் ஆகுமோ, அதைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்குவதற்கு ஆகும். பெட்ரோல் மேலாகப் பற்றி, விறகின் ஈரம் போவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். தோல் கருகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். போதாததற்கு அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவிக் கேனைப் பிடித்து நிற்பவர் காலடி வரை வந்துவிடும். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது பெரிய விஷயம். இனி அதைத் தொடவே தொடாதீர்கள்.

விறகில் இருக்கும் ஈரத்திலும் வகை உண்டு. பச்சை மரத்தின் ஈரம் அதன் நார் நாராக ஊறியிருப்பது. மரத்தைப் பொறுத்து, வெட்டின உடனே எடை போட்டால் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். அதை ஒரு இரவில் ஒன்றும் செய்ய முடியாது. தரையில் கிடந்து மக்கின கட்டை பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்திருக்கும், அதுவும் ஆகாது. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது: நின்ற நிலையிலேயே செத்துக் காய்ந்த மரம், கிளை. அதன்மேல் எத்தனை நாள் மழை பெய்தாலும் ஈரம் பெரும்பாலும் மேல்தோலோடு நிற்கும். உள்ளே பிளந்து பார்த்தால் பொடி உதிரக் காய்ந்திருக்கும். நீங்கள் பொறுக்கியது அத்தனையும் தரையில் கிடந்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் தடவை எல்லோரும் குனிந்துதான் தேடுவார்கள். அம்மா விறகுக்குப் போனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். ஒடிந்து விழும்போது இன்னொரு கிளையில் மாட்டித் தொங்குகிற சுள்ளி, செடிக்குள் சிக்கி நிற்கிற கொம்பு, இதெல்லாம் மண்ணைத் தொடாமல் காற்றிலேயே இருப்பது. மழை அரை மணி நேரம் விட்டாலே தண்ணீர் வடிந்துவிடும்.

எடுத்ததைச் சோதிக்க மூன்று வழி. ஒடித்துப் பாருங்கள், 'டப்' என்று முறிந்தால் எடுத்துக்கொள்ளலாம், வளைந்தால் போட்டுவிடுங்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள், காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். மூன்றாவது, பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். மழையில் விரல் மரத்துப்போய் ஈரமும் குளிரும் வித்தியாசம் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும். ஜில்லென்று இருந்தால் உள்ளேயும் ஈரம் இருக்கிறது.

எங்கே தேடுவது என்பதற்கு நம் பக்கத்து மலைக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் சாரல் அடிப்பது மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து. பெரிய மரத்தின் அந்தப் பக்கப் பட்டை சொட்டச் சொட்ட நனைந்து பாசி பிடித்திருக்கும். அதே மரத்தின் கிழக்கு, வடகிழக்குப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சாய்ந்த மரமாக இருந்தால் சாய்வின் அடிப்பக்கத்தில் கையளவு அகலத்துக்குப் பட்டை காய்ந்தே இருக்கும். பாறை இடுக்கும் அப்படித்தான், கிழக்கு பார்த்த பாறையின் அடியில் சருகு உலர்ந்திருக்கும். இது ஆகும்பேயில்கூடப் பலிக்கிறது. பெங்களூரில் ஆண்டு மழை 1000 மி.மீ.யைத் தொட்டும் தொடாமலும் இருக்க, ஆகும்பேயில் 7000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. பொந்துக்குள்ளும் பாறை இடுக்கிலும் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறுங்கள். மழைக்குக் காய்ந்த இடம் தேடுவது நாம் மட்டும் இல்லை, பாம்பும் தேளும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

சரி, முதல் பொறியைப் பிடிக்கிற பொருளுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் கேட்டதும் இதைத்தான்.

தோட்டத்தில் தென்னை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மட்டை மரத்தோடு சேருகிற இடத்தில் சல்லடைத் துணி மாதிரி சுற்றியிருக்குமே, பன்னாடை, அதைவிடச் சுலபமாகப் பிடிக்கிற பொருளை நான் பார்த்ததில்லை. மேலே மட்டைகள் குடை மாதிரி மூடியிருப்பதால் உள்அடுக்குகள் பெரும்பாலும் நனைவதில்லை. நனைந்திருந்தாலும் மெல்லியது என்பதால் சட்டைக்குள் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் உடம்புச் சூட்டிலேயே உலர்ந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், பொறி பிடிக்கும் பொருளுக்கு மழைக்காலத்தில் சட்டையின் உள்பக்கத்தைவிட நல்ல இடம் கிடையாது. பையில் வைத்தால் காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். தேங்காய் நாரை விரலால் பிரித்துக் கூடு மாதிரி உருட்டினால் அதுவும் பிடிக்கும். கொட்டாங்குச்சி கொஞ்சம் தாமதமாகப் பிடித்து நின்று எரியும். சுள்ளி பற்றினதும் இரண்டு சில்லு போட்டால் ஈர விறகை உலர்த்துகிற அளவுக்குச் சூடு கொடுக்கும்.

மலைநாட்டுக் காட்டிலும் தோட்ட ஓரத்திலும் கூந்தல்பனை நிற்கும், கன்னடத்தில் பகனி என்பார்கள். மீன்வால் மாதிரி இலை, தலைமுடியை அவிழ்த்துவிட்டது போலக் குலை தொங்கும். அதன் மட்டை அடியில் பழுப்பு நிறத்தில் கம்பளி போன்ற ஒரு தூசிப் பஞ்சு இருக்கிறது. முன்காலத்தில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைப் பிடிக்கவே அதை எடுத்து வைத்திருந்தார்கள். சுடர்விட்டு எரியாது, கனிந்துகொண்டே இருக்கும். அதைப் பன்னாடையில் பொதிந்து ஊதினால் சுடர் வரும்.

அடுத்தது மூங்கில். நின்றபடி காய்ந்து மஞ்சளான மூங்கிலை எடுங்கள். மேல்தோலில் கத்தியின் முனையைச் செங்குத்தாக நிறுத்தி முன்னும் பின்னும் சுரண்டினால் பஞ்சு மாதிரி சுருள் சுருளாக வரும். முதலில் வருகிற ஈரச் சுருளைத் தள்ளிவிட்டு, அடுத்து வருவதைச் சேர்க்கவும். ஒரு முழம் மூங்கிலிலேயே கைநிறையக் கிடைக்கும். மிச்சத்தைப் பிளந்தால் அதுவே சுள்ளி. ஆனால் ஒன்று, கணு முழுதாக இருக்கும் மூங்கிலை ஒருநாளும் நெருப்பில் போடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் சூட்டில் விரிந்து வெடி போல வெடிக்கும். எங்கள் முகாம் ஒன்றில் ஒரு பையன் கவனிக்காமல் போட்டு, வெடித்த வேகத்தில் தணல் எட்டடி தள்ளி ஒரு பிள்ளையின் கம்பளியில் போய் விழுந்தது. தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து மூங்கில் என்றால் ஒவ்வொரு கணுவையும் பிளந்த பிறகுதான் நெருப்புப் பக்கமே கொண்டுவர விடுகிறேன்.

குங்கிலியம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலிய மரமும் வெள்ளைக் குங்கிலிய மரமும் இருக்கின்றன, கன்னடத்தில் இரண்டையுமே தூப மரம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவற்றின் பட்டையிலிருந்து வடிந்து கட்டியான பிசின் தண்ணீரில் கிடந்தாலும் தண்ணீரை உறிஞ்சாது. துடைத்துவிட்டுப் பற்றவைத்தால் கரும்புகையோடு எரியும். புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு, பத்துத் தீக்குச்சிக்குச் சமம். ஆனால் அதற்காகக் காட்டு மரத்தைக் கொத்தாதீர்கள். மரத்தைக் காயப்படுத்திப் பிசின் எடுத்தே பல இடங்களில் அந்த மரங்கள் பட்டுப்போயிருக்கின்றன. பெங்களூரில் சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் கிரந்திகே அங்காடி என்று கேளுங்கள், நம் ஊர் நாட்டு மருந்துக் கடைதான். 50 கிராம் வாங்கி ஒரு டப்பாவில் போட்டால் பல பயணத்துக்கு வரும்.

தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் காய்ந்த கிளையும், யூகலிப்டஸ் மரத்தில் உரிந்து தொங்கும் பட்டையும் நல்லது. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் இருப்பதால் அரை ஈரத்திலும் சடசடவென்று பிடிக்கும். உண்ணிச்செடிப் புதருக்குள் பாருங்கள், வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே விரல் கனத்தில் செத்த தண்டுகள் நிறைய நிற்கும், மேலே இருக்கும் இலைக்கூட்டமே அதற்குக் கூரை. பருவமழைக் காலத்துச் சுள்ளிக்கு நான் முதலில் போவது அங்கேதான். காபிச் செடியைக் கவாத்து செய்த கொம்பு பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள், கெட்டியான விறகு, நின்று எரிந்து நல்ல தணல் விழும். இலவம் பஞ்சும் எருக்கம் பஞ்சும் கோடையில் கிடைப்பவை, மழையில் தேடிப் பயனில்லை. அப்போதே சேர்த்து டப்பாவில் வைத்திருந்தால் உதவும். தனியாக வைத்தால் பொசுக்கென்று எரிந்து போய்விடும் என்பதால் நாரோடு கலந்து வையுங்கள்.

தொடக்கூடாத மரமும் உண்டு. சேராங்கொட்டை மரமும் அதன் இனமும், கன்னடத்தில் கேரு, ஹொளகேரு என்பார்கள். வெட்டினால் வரும் பால் காற்றுப்பட்டுக் கறுப்பாகும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். கட்டையில் கறுப்பாக வழிந்த தடம் பார்த்தால் விட்டுவிடுங்கள். அரளியும் கள்ளியும் அடுப்புக்கு ஆகாது. தெரியாத மரத்தைப் பற்றித் தோட்டத்தில் வேலை செய்யும் யாரையாவது கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது பிளக்கிற வேலை. உங்கள் கையில் கத்தியோ கொடுவாளோ இருந்ததா என்று சொல்லவில்லை. இல்லையென்றால் ஈரக்காட்டில் நெருப்பு ரொம்பக் கடினம். விறகின் காய்ந்த பகுதி அதன் நடுவில்தான் இருக்கிறது. மணிக்கட்டு கனத்தில், ஒரு அடி நீளத்தில், நின்று செத்த கட்டையை எடுங்கள். ஒரு மரத்துண்டின் மேல் நிறுத்தி, தலைப்பில் கத்தியின் வாயை வைத்து, இன்னொரு கட்டையால் கத்தியின் முதுகில் தட்டினால் நேராகப் பிளக்கும். ஓங்கி வெட்ட வேண்டாம், மழையில் கை வழுக்கும். நாலாக, எட்டாகப் பிளந்து, ஈரமான தோல் பக்கத்தைச் சீவி எறியுங்கள். உள்கட்டையில் கத்தியைச் சாய்த்து வைத்து மெல்லிசாகச் சீவிக்கொண்டே போய், சீவல் முழுதாகக் கழன்று வராமல் நுனியிலேயே சுருண்டு நிற்கும்படி விட்டுவிட்டால், குச்சி பூ மாதிரி இருக்கும். இப்படி ஐந்தாறு குச்சி. ஒவ்வொரு சீவலும் காகிதம் மாதிரி மெல்லிசு. அதுவும் கனமான குச்சியோடு ஒட்டியே இருப்பதால் சுடர் சீவலிலிருந்து குச்சிக்குத் தானாக ஏறும்.

மூன்று கனத்தில் விறகு வேண்டும்: தீக்குச்சி கனம், விரல் கனம், மணிக்கட்டு கனம். தீக்குச்சி கனத்தில் இரண்டு கையாலும் பிடிக்கிற கட்டு ஒன்று, விரல் கனத்தில் அதைப்போல இரண்டு. குறைவாகத் தோன்றினால் திரும்பப் போய் எடுத்து வாருங்கள். பற்றினபிறகு சுள்ளி தேடி ஓடினால் திரும்பி வருவதற்குள் அணைந்திருக்கும். பிள்ளைகள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். சேகரித்ததையெல்லாம் ஒரு பாக்கு மட்டையில் போட்டு இன்னொரு பாக்கு மட்டையால் மூடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காது, மலைநாட்டுத் தோப்பில் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

ஈர மண்ணில் நேராக நெருப்பு வைத்தால் கீழிருந்து ஆவி கிளம்பி அதை அணைக்கும். முதலில் கையளவு கனத்தில் கட்டைகளை நெருக்கமாகப் பாய் போலப் பரப்புங்கள், பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. அதன்மேல் காற்று வரும் பக்கத்தைக் குறுக்கே மறைத்து ஒரு தடிக்கட்டை. அதன்மேல் சுள்ளிகளைச் சாய்த்து வைத்து, அடியில் பொந்து மாதிரி இடம் விட்டு, அங்கே பன்னாடையும் சீவலும். ஆற்றில் எடுத்த கல்லைச் சுற்றி அடுக்காதீர்கள், உள்ளே ஊறின தண்ணீர் சூட்டில் ஆவியாகிக் கல் தெறிக்கும். மழை பெய்துகொண்டே இருந்தால் இரண்டு பேர் ஒரு தார்ப்பாயையோ வாழை இலையையோ உயரமாகப் பிடித்து நிற்கட்டும், சுடர் இடுப்பளவு எழும் வரை. எங்கள் தோட்டத்துப் பெண்கள் சாக்கைத் தலையும் முதுகும் மூடுகிற கொங்காணியாகப் போட்டுக்கொண்டு குனிந்து அந்த முதுகையே கூரையாக்கி மூட்டுவார்கள்.

தீக்குச்சியைச் சுடர் கீழ் நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பிடித்தால் குச்சி மேலே ஏறி எரியும். காற்று வரும் பக்கமாக, அடியில் வையுங்கள், மேலே வைத்தால் சூடு வீணாகும். பற்றினதும் உடனே ஊதாதீர்கள். சீவல் பிடித்துச் சுள்ளியில் சடசட என்று கேட்ட பிறகு, தரையோடு ஒட்டி, நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். வீட்டில் ஊதாங்குழல் இருந்ததும் இதற்குத்தான், காற்று தணலில் மட்டும் படும், முகத்தில் சாம்பல் பறக்காது. ஒரு துண்டு பப்பாளித் தண்டோ மெல்லிய மூங்கிலோ போதும். விரல் கனத்து விறகு பிடித்த பின்பு, ஈர விறகைச் சுற்றிலும் வேலி மாதிரி அடுக்கிவிடுங்கள். எரிகிற நெருப்பே அடுத்த விறகை உலர்த்தும். லைன் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி நாளைய விறகை இன்றைய புகையில் காயவைப்பார்கள்.

இப்போது கையோடு எடுத்துப்போக வேண்டியவை. தீப்பெட்டியை ஒரு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் நனைந்து வழிந்துவிட்டால் குச்சி எத்தனை காய்ந்திருந்தும் பயனில்லை. லைட்டரும் ஒன்று வேண்டும், நனைந்தால் சக்கரத்தைத் தொடையில் தேய்த்து உருட்டி உலர்த்தலாம். கற்பூரம் பத்து வில்லை, மூடி இறுகின டப்பாவில். திறந்து வைத்தால் ஆவியாகிக் காணாமல் போகும். ஈரத்தில் வைத்தாலும் எரியும், பூஜைக் கடையில் கிடைக்கும், நம் எல்லார் வீட்டிலும் இருக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் நீளத் துண்டுகூட மழையில் எரியும். நாற்றமும் கரும்புகையும் வரும் என்பதால் அவசரத்துக்கு மட்டும், அதில் சமைக்கக் கூடாது. இதையெல்லாம் எடுத்துப்போவது காட்டுப்பொருளைத் தேடுவதற்கு இழுக்கு இல்லை. பழைய தமிழில் தீக்கடைகோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். அதை மழை படாமல் வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகி வைத்திருந்தார்கள். காய்ந்ததைக் காத்து வைக்கிற பழக்கம் அவ்வளவு பழையது.

ஃபெரோ ராட் வாங்கலாமா என்றால், வாங்குங்கள், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். அதன் பொறி 3000 டிகிரி அளவுக்குச் சூடானது, நனைந்தாலும் வேலை செய்யும். ஆனால் அந்தப் பொறி உயிரோடு இருப்பது கண் சிமிட்டும் நேரம். அதற்குள் பிடித்துக்கொள்ளப் பஞ்சு போல மெல்லிய, நன்றாகக் காய்ந்த பொருள் வேண்டும். பருவமழையில் நம் காட்டில் அதுதான் கிடைப்பதற்கே அரிது. லைட்டர் சுடர் பத்து விநாடி நின்று எரிகிறது, அந்தப் பத்து விநாடியில் அது பொருளை உலர்த்தவும் செய்கிறது. வீட்டில் ஃபெரோ ராடில் பழகிவிட்டு, காட்டுக்கு லைட்டரை எடுத்துப்போவதுதான் சரி.

எங்கே மூட்டலாம் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, இந்த மூன்றிலும் நெருப்பு கூடாது. வனச் சட்டமும் 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் குற்றம் என்கின்றன. குமார பர்வதம், குதிரைமுகம் போன்ற மலையேற்றப் பாதைகள் அந்த எல்லைக்குள்தான் வருகின்றன. "மழைக்காலம்தானே, என்ன ஆகிவிடும்" என்பார்கள். அதே ஆள் அதே பழக்கத்தோடு பிப்ரவரியில் போவார். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் புல்மேடு எவ்வளவு வேகமாக எரிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. தனியார் தோட்டத்தில், உரிமையாளர் சொன்ன இடத்தில், அவர் கொடுக்கிற விறகில் மூட்டுங்கள். எழுந்து போகும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்று பார்த்த பிறகு போங்கள். இன்னொன்று, மழைக்கு ஒதுங்கிக் கூடாரத்துக்குள்ளோ மூடின அறைக்குள்ளோ தணல் சட்டியைக் கொண்டுபோகாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பழகுவதற்குக் காடு வரை போக வேண்டியதில்லை. பெங்களூரில் செப்டம்பர் மாதம் நல்ல மழை. வீட்டுக்காரர் அனுமதித்தால் மொட்டைமாடியில் நாலு செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு மண் சட்டியில் செய்து பாருங்கள். புயல் காற்று அடித்த மறுநாள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்துக் கிளை, குல்மோகர் காய் எல்லாம் நனைந்து கிடக்கும். அதைப் பிளந்து உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்க முயலுங்கள். மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை போதும், கை பழகிவிடும்.

அப்புறம், எங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டி ஒரு மாதத்துக்கு மேல் வந்ததைச் சொன்னேன் இல்லையா, அதற்குக் காரணம் அம்மா நெருப்பை அணையவிடாததுதான். ராத்திரி சமையல் முடிந்ததும் நல்ல கெட்டிக் கட்டை ஒன்றின் தணலை அடுப்பின் மூலைக்குத் தள்ளி, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பலைப் போட்டு மூடுவார். சாம்பல் காற்றை மெதுவாகத்தான் உள்ளே விடும், தணல் விடியும் வரை கனிந்துகொண்டே இருக்கும். நீங்கள் இரண்டு மூன்று நாள் தங்கும்போது முதல் நாள் கஷ்டப்பட்டு மூட்டினதை இப்படி மூடி, மேலே ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்துவிட்டால், மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஆள் தங்கியிருக்கும் இடத்தில், கண் பார்வையில் இருந்தால் மட்டும். இடம் மாறிப் போவதாக இருந்தால் தேங்காய் நார்க் கயிறு. பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்க நுனியில் கனிந்தபடி தொங்குமே, அதே கயிறுதான். ஓட்டை போட்ட டின்னுக்குள் சுருட்டி வைத்தால் மழையிலும் மணிக்கணக்கில் தணலைக் கொண்டுபோகலாம். காலையில் அம்மா சாம்பலை விலக்கி, உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்த்து, ஒரு கிழிசல் பன்னாடையை வைத்து ஊதாங்குழலை எடுப்பார். மூன்றாவது ஊதலில் சுடர் வந்துவிடும்.